மாமா சொன்னதை முன்பே யாராவது எழுதிவைத்தார்களா?

உங்கள் கேள்வி இதுதான். போன மாதம் உங்கள் மாமாவுக்கு மாரடைப்பு வந்து, இதயமே நின்று, நெஞ்சை அமுக்கி ஷாக் கொடுத்து மீட்டிருக்கிறார்கள். வீடு திரும்பிய பிறகு, "மேல இருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தேன், ஒரு வலியும் இல்ல" என்கிறார். தேடிப் பார்த்ததில், ரேமண்ட் மூடி என்ற அமெரிக்கர் 1975-ல் எழுதிய புத்தகத்தோடுதான் இந்த 'மரண விளிம்பு அனுபவம்' பற்றிய ஆராய்ச்சி தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியவந்திருக்கிறது. ஒரு புத்தகம் கிளப்பிவிட்ட பேச்சா இது, அதற்கு முன் யாரும் இதைத் தொடவே இல்லையா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: மாமா சொல்வதை உட்கார்ந்து கேட்பதா, "மயக்கத்துல ஏதோ கனவு" என்று பேச்சை மாற்றுவதா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் மயக்கவியல் மருத்துவர். 22 வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. நின்ற இதயத்தைத் திரும்ப ஓடவைக்க முயல்வது எங்கள் அன்றாடம். பல நாள் முடியாது, சில நாள் முடியும். மூளை ஆராய்ச்சி என் துறை இல்லை. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது, படித்த கட்டுரைகளும் படுக்கையோரத்தில் கேட்டதும்தான்.

மூடிக்கு முன்னால் இதைத் தேடித் தொகுத்தவர் ஒரு மருத்துவர்கூட இல்லை. சுவிட்சர்லாந்தின் நிலவியல் அறிஞர் ஆல்பர்ட் ஹைம். 1871-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், இருபதைத் தாண்டியிருந்த வயதில், நண்பர்களோடு ஆல்ப்ஸ் மலையின் சான்டிஸ் சிகரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். செங்குத்தான பனிச்சரிவு. மற்றவர்கள் தயங்கி நிற்க இவர் முதலில் சறுக்கத் தொடங்கினார். காற்று தொப்பியைத் தூக்கியது. போனால் போகட்டும் என்று விடாமல் அதைப் பிடிக்கக் கையை நீட்டினார், நிலை தவறிப் பாறை விளிம்பைத் தாண்டிக் கிட்டத்தட்ட 20 மீட்டர் கீழே விழுந்தார்.

அந்தச் சில நொடிகளில் தன் மனத்தில் ஓடியதை அவர் எழுதிவைத்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டால் உடைந்த சில்லுகள் கண்ணில் குத்தாது என்று நினைத்தார். ஐந்து நாளில் பல்கலைக்கழகத்தில் தன் முதல் விரிவுரை இருக்கிறதே, அது நடக்காமல் போய்விடுமே என்று நினைத்தார். சாவுச் செய்தி வீட்டுக்குப் போவதைக் கண்டு, மனத்துக்குள்ளேயே அவர்களுக்கு ஆறுதல் சொன்னார். அப்புறம் கொஞ்சத் தூரத்தில் ஒரு மேடை போட்டு நடிப்பதுபோலத் தன் வாழ்க்கை முழுவதும் காட்சி காட்சியாக ஓடியது. பயமும் வலியும் இல்லை. இளஞ்சிவப்பும் ஊதாவுமான மேகத் துணுக்குகள் மிதக்கும் நீல வானம் தன்னைச் சூழ்ந்ததாக எழுதுகிறார். கடைசியில் 'தொம்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அது அவர் உடல் தரையில் மோதிய சத்தம்.

இதோடு விட்டிருந்தால் அது ஒரு மனிதரின் அனுபவக் கதை மட்டுமே. ஹைம் விடவில்லை. அடுத்த இருபது வருடத்துக்கும் மேலாக, விழுந்து பிழைத்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டார். மலையேறிகள், கூரை வேயும்போது வழுக்கியவர்கள், சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளர்கள், போரில் அடிபட்ட வீரர்கள் என்று பலரும் அதில் உண்டு. 1892-ல் சுவிஸ் மலையேறிகள் சங்கத்தில் அதைப் படித்தார். சங்கத்தின் ஆண்டிதழிலும் வெளிவந்தது. கேட்டவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் ஏறக்குறைய ஒரே மாதிரி சொன்னதாக அவர் கணக்கு. அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். யாரை எப்படித் தேர்ந்தெடுத்தார், என்ன கேட்டார் என்பதற்கெல்லாம் இன்று நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கு அதில் இல்லை. ஆனால் அவர் எதற்காக இதைச் செய்தார் என்பது என்னைத் தொடுகிறது. மலையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரிடம், "அவன் கடைசி நொடியில் துடிக்கவில்லை அம்மா" என்று சொல்வதற்கு ஒரு ஆதாரம் வேண்டும் என்று நினைத்தார்.

ஹைமுக்கு முன்னாலும் தனிச் சாட்சிகள் உண்டு. காற்றின் வேக அளவைக்குப் பெயர் தந்த பிரான்சிஸ் போஃபர்ட், இளைஞனாகக் கடற்படையில் இருந்தபோது நீரில் மூழ்கியதையும், அப்போது தன் வாழ்க்கை பின்னோக்கி ஓடியதையும் ஒரு கடிதத்தில் விவரித்தார். 1740 வாக்கில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் துமோன்ஷோ, காய்ச்சலில் ரத்தம் வடிக்கப்பட்டு நினைவிழந்த ஒரு மருந்து வணிகர் தூய ஒளியைக் கண்டு 'சொர்க்கம் வந்துவிட்டேன்' என்று நம்பியதைக் குறித்துவைத்தார். ரத்த ஓட்டம் மாறியதுதான் காரணமாக இருக்கும் என்று ஒரு விளக்கமும் சொன்னார். மருத்துவர் ஒருவர் இதற்கு உடல் சார்ந்த காரணம் தேடிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அது. இன்னும் பின்னால் போனால் கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ சொல்லும் எர் என்ற போர்வீரனின் கதை வரை போகலாம். ஆனால் அனுபவம் பழையது என்பதும் ஆராய்ச்சி பழையது என்பதும் வேறு வேறு. பலரிடம் கேட்டுச் சேர்த்து ஒப்பிட்டதால், ஹைமிடமிருந்துதான் நான் கணக்குத் தொடங்குவேன்.

பக்கத்தில் இன்னொரு ஓடை ஓடியது, அதையும் குறிப்பிட வேண்டும். 1882-ல் லண்டனில் அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராய ஒரு சங்கம் அமைந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான இயற்பியலாளர் வில்லியம் பாரெட், சாகும் தறுவாயில் இருப்பவர்கள் காணும் காட்சிகளைத் தொகுத்தார். அவர் இறந்த பிறகு, 1926-ல், அது நூலானது. பின்னர் உளவியலாளர் கார்லிஸ் ஓசிஸ் அதையே மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டார். 1970-களில் எர்லெண்டுர் ஹரால்ட்சனுடன் சேர்ந்து வட இந்தியாவிலும் விசாரித்தார். இவர்கள் பேசியது பெரும்பாலும் இறந்துபோனவர்களைப் பற்றி. உங்கள் மாமாவின் கதை, திரும்பி வந்தவர்களின் கதை. இரண்டையும் கலந்துவிடுவதால்தான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். மூடியின் புத்தகம் ஏன் 1935-ல் வராமல் 1975-ல் வந்தது? இதற்கு விடை ஒரு நாய்ப் பரிசோதனையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில், ஷாக் கொடுக்கும் கனமான தட்டுகளை நாயின் நெஞ்சில் அழுத்தி வைக்கும்போதெல்லாம் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதை கய் நிக்கர்பாக்கர் கவனித்தார். அதுவரை இதயம் நின்றால், அறுவை அறையாக இருந்தால் நெஞ்சைப் பிளந்து கையால் பிசைவார்கள். வேறு இடமாக இருந்தால் கைவிட வேண்டியதுதான். வெளியிலிருந்து அமுக்கினாலே ரத்தம் ஓடும் என்று நிக்கர்பாக்கர், கூவன்ஹோவன், ஜூட் மூவரும் 1960-ல் கட்டுரை வெளியிட்டார்கள். எந்த இடத்திலும் யார் வேண்டுமானாலும் செய்யலாம், இரண்டு கை போதும் என்பது அதன் சாரம். அடுத்த சில ஆண்டுகளில் இதய நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவுகள் வந்தன. மனித வரலாற்றில் முதல்முறையாக, இதயம் நின்று திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் நடமாடத் தொடங்கினார்கள். பேச ஆள் சேர்ந்த பிறகுதான் கேட்கவும் ஆள் வந்தார்கள்.

அப்படிக் கேட்டவர்தான் மூடி. 1965-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தத்துவ மாணவராக இருந்தபோது, அங்கே மனநல மருத்துவராக இருந்த ஜார்ஜ் ரிச்சியின் கதையைக் கேட்டார். ரிச்சி 1943 டிசம்பரில் டெக்சாஸ் ராணுவ முகாமில் நிமோனியாவில் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டு, சில நிமிடங்கள் கழித்து மீண்டவர். அந்த இடைவெளியில் தன் உடலை விட்டு வெளியே போய் வந்ததாகவும், ஒளியாலான ஒருவரைச் சந்தித்ததாகவும் சொன்னார். சில வருடம் கழித்து, மூடி தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் தன் பாட்டியைப் பற்றி அதே போன்ற கதையைச் சொன்னான். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே மாதிரி பேசுகிறார்களே என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு அவர் மருத்துவமும் படித்தார். 'லைஃப் ஆஃப்டர் லைஃப்' வெளிவந்தபோது அவர் கையில் சுமார் 150 பேரின் கதைகள் இருந்தன. அதில் ஏறத்தாழ 50 பேரிடம் விரிவாகப் பேசியிருந்தார். ஆங்கிலத்தில் இன்று எல்லோரும் சொல்லும் 'நியர் டெத் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற பெயர் பரவியது அந்தப் புத்தகத்தால்தான். தமிழில் மரண விளிம்பு அனுபவம் என்கிறோம்.

மூடியைப் பற்றி இரண்டு தப்பான எண்ணங்கள் உண்டு. மறுபிறப்பையோ மறுவுலகையோ நிரூபித்துவிட்டதாக அவர் சொன்னார் என்பது ஒன்று. அவர் அந்தப் புத்தகத்திலேயே, இது அறிவியல் ஆய்வு இல்லை, நிரூபணமும் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். இரண்டாவது, எல்லோரும் சுரங்கம், ஒளி, இறந்த உறவினர், வாழ்க்கைக் காட்சி எல்லாவற்றையும் வரிசையாகக் கண்டார்கள் என்பது. அந்த முழுக் கதை, பலர் சொன்னதை ஒட்டவைத்து அவரே செய்த மாதிரி. அவர் பேசிய ஒருவர்கூட எல்லா அம்சத்தையும் சொல்லவில்லை. அதையும் அவர் மறைக்கவில்லை. வாசகர்கள்தான் மாதிரியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அதில் உள்ள உண்மையான குறை, தாமாக வந்து சொன்னவர்களையே அவர் கேட்டார் என்பது. எதுவும் நினைவில்லாமல் பிழைத்தவர்கள் எத்தனை பேர்? அது தெரியாமல் எதையும் அளக்க முடியாது. அடுத்து வந்தவர்கள் அந்த ஓட்டையைத்தான் அடைத்தார்கள். கனெக்டிகட் பல்கலைக்கழக உளவியலாளர் கென்னத் ரிங் சாவின் அருகே போய் வந்த 102 பேரைப் பேட்டி கண்டு, அவர்களில் 48 சதவீதத்தினருக்கு இந்த அனுபவம் இருந்ததாக 1980-ல் எழுதினார். இதய மருத்துவர் மைக்கேல் சேபம் மூடியின் புத்தகத்தை நம்பாமல்தான் தொடங்கினார். தன் நோயாளிகளிடம் கேட்கப்போய் அவரே வருடக்கணக்காக அதில் இறங்கிவிட்டார். 1983-ல் மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன், 16 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண், மொத்தம் 32, 7 அல்லது அதற்கு மேல் வந்தால் மரண விளிம்பு அனுபவம் என்று கணக்கு. கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆனால் ஒரு ஊரில் கேட்டதை இன்னொரு ஊரில் கேட்டதோடு ஒப்பிட முடிந்தது இதனால்தான். இன்றுவரை பல ஆய்வுகள் இதில்தான் நிற்கின்றன.

நம் நாட்டுக்கு இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு, அது மிக முக்கியமான இடம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் இருந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும், வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனும் 1986-ல் இந்தியர்கள் 16 பேரின் அனுபவங்களை வெளியிட்டார்கள். அங்கே சுரங்கம் இல்லை. எமதூதர்கள் வந்து அழைத்துப் போகிறார்கள். ஏடு வைத்திருக்கும் ஒருவர் முன் நிறுத்துகிறார்கள். அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆள் மாறிவிட்டது, இவனைத் திருப்பி அனுப்பு என்கிறார். காஞ்சிபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் சித்திரகுப்தனை நமக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். "கணக்கு முடியல, அனுப்பிட்டாங்க" என்று சொல்லும் தாத்தாக்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அமெரிக்கர் தன் உடலை மேலிருந்து பார்த்ததாகச் சொன்னதுபோல் அந்த 16 பேர் சொல்லவில்லை. ஆக, காணும் காட்சியில் வளர்ந்த மண்ணின் பங்கு பெரிது. ஆனாலும் 'எங்கோ போனேன், யாரோ திருப்பி அனுப்பினார்கள்' என்ற எலும்புக்கூடு இரண்டு பக்கமும் இருக்கிறது. மதம் கற்றுக்கொடுத்தது எவ்வளவு, மூளையே செய்வது எவ்வளவு என்பதை 16 பேரை வைத்துப் பிரிக்க முடியாது.

முறையான எண்ணிக்கை வந்தது இன்னும் தாமதமாக. நெதர்லாந்தில் இதய மருத்துவர் பிம் வான் லோமல் குழு, 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரை வரிசையாக எடுத்து, மீண்ட சில நாட்களிலேயே கேட்டது. 62 பேர், அதாவது 18 சதவீதம், ஏதோ ஒன்றை நினைவில் வைத்திருந்தார்கள். 2001-ல் 'லான்செட்' இதழில் வந்தது. எத்தனை நிமிடம் இதயம் நின்றிருந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு தென்படவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் தானே வரும் மயக்கக் காட்சி என்றால் எல்லோருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும் என்று லோமல் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஒவ்வொரு மூளைக்கும் போன ரத்தத்தை யாரும் அளக்கவில்லை என்ற எதிர்வாதமும் அதே அளவு நியாயம். மருத்துவர் சாம் பார்னியா தலைமையில் 2014-ல் வந்த ஆய்வு இன்னும் துணிச்சலானது: மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி, கூரைக்குக் கீழே பலகை அடித்து அதன் மேல் படங்களை வைத்தார்கள். 15 மருத்துவமனைகள், 2,060 பேருக்கு இதயம் நின்றது. 330 பேர் பிழைத்தார்கள், 140 பேரிடம் பேச முடிந்தது. பார்த்ததாகவும் கேட்டதாகவும் விரிவாகச் சொன்னவர்கள் இருவர். இருவருக்குமே இதயம் நின்றது பலகை இல்லாத அறையில். இத்தனை உழைப்புக்கும் அந்த ஒரு கேள்வி திறந்தபடியே நின்றுவிட்டது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், வயதான லாரி ஓட்டுநர் ஒருவருக்கு எங்கள் கண்ணெதிரே இதயம் நின்றது. மூன்று ஷாக். மூன்றாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டே, "அந்தச் சின்னப் பொண்ணு திரைக்குப் பின்னாடி நின்னு அழுதுச்சே, வீட்டுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார். பயிற்சிச் செவிலியர் ஒருத்தி உண்மையிலேயே திரைக்குப் பின்னால் நின்று அழுதாள். எனக்குக் கை சில்லிட்டது. சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதவில்லை. பிறகு யோசித்தேன்: நன்றாக அமுக்கும்போது மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போகும், காதில் அழுகை விழுந்திருக்கலாம். இரண்டு நாளில் வார்டில் யாராவது பேசியதும் காதில் விழுந்திருக்கலாம். இல்லை, இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அன்றே அவர் வாய்ச்சொல்லை எழுதி, அவரிடம் யார் யார் பேசினார்கள் என்று விசாரித்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். இப்போது அது என் நினைவில் இருக்கும் ஒரு கதை மட்டும்.

சரி, இதில் எதை உறுதியாகச் சொல்லலாம்? இந்த அனுபவம் பொய்யோ நடிப்போ இல்லை, மனநோயும் இல்லை. இதயம் நின்று மீண்டவர்களில் பத்துக்கு ஒருவரிலிருந்து ஐந்துக்கு ஒருவர் வரை சொல்கிறார்கள். பலருக்கு அதன் பிறகு சாவுபயம் குறைகிறது, அது வருடக்கணக்கில் நீடிக்கிறது. இறக்கும் மூளை உடனே அணைந்துவிடுவதில்லை என்பதற்கும் சான்று சேர்கிறது: 2013-ல் ஜீமோ போர்ஜிகின் குழு, இதயம் நின்ற எலிகளின் மூளையில் சில நொடிகளுக்கு ஒழுங்கான மின் எழுச்சியைக் கண்டது, பார்னியாவின் 2023 ஆய்வில், இதயத்தை அமுக்கிக்கொண்டே இருக்கையில் ஒரு மணி நேரம் வரைகூடச் சிலருக்கு மூளை அலைகள் தலைகாட்டின. சந்தேகத்துக்குரியது, அந்த அலைகளும் அந்தக் காட்சிகளும் ஒன்றுதானா என்பது. எலி வந்து எதுவும் சொல்லவில்லை; காட்சியைச் சொன்ன மனிதருக்கு அந்த நொடியின் அலை கையில் இல்லை. உயிர் உடலை விட்டுப் போய் வந்தது என்பதற்கு, நான் ஏற்கும்படியான சான்று இதுவரை இல்லை. அப்படி இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் என் படிப்பு எனக்கு உரிமை தரவில்லை.

இனி உங்கள் மாமா. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்காருங்கள். தேதி போட்டு, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். "வெளிச்சம் தெரிஞ்சுதா மாமா?" என்று கேட்காதீர்கள்; கேட்டால் தெரிந்தது என்றாகிவிடும். "கடைசியா என்ன ஞாபகம் இருக்கு? அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். மேலிருந்து பார்த்ததாகச் சொல்வதில், யார் எங்கே நின்றார்கள், என்ன பேசினார்கள் என்று அவர் சொல்வதைத் தனியாகக் குறித்துவிட்டு, பிறகு அந்த வார்டில் இருந்தவர்களிடம் போய் விசாரியுங்கள். முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு வந்து இவரிடம் கேட்காதீர்கள். அவர் ராத்திரி தூங்காமல் அதையே நினைத்துக் கலங்குகிறார் என்றால் அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயம் நின்று மீண்ட பலருக்கு மனத்துக்கும் கொஞ்சம் கவனிப்பு தேவைப்படும். கலக்கம் இல்லாமல் நிம்மதியாகவே சொல்கிறார் என்றால், அவர் முடிக்கும் வரை இடையில் பேசாமல் கேளுங்கள்.